முகமூடியைக் கழற்றிவிட்டால் லைகரிடம் என்ன இருக்கிறது?

கேள்வி: ஜப்பானிய மல்யுத்த வீரர் ஜூஷின் தண்டர் லைகரை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? அந்தக் கொம்பு வைத்த முகமூடியைக் கழற்றிவிட்டால் அவரிடம் என்ன இருக்கிறது? பார்ப்பதானால் எந்தப் போட்டியிலிருந்து தொடங்கலாம்?

முகமூடி வருவதற்கு ஐந்து வருடம் முன்பே அவர் ரிங்கில் இறங்கிவிட்டார். வெறும் முகத்தோடு, கெய்ச்சி யமடா என்ற சொந்தப் பெயரோடு. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1964-இல் ஹிரோஷிமாவில் பிறந்தவர். பள்ளி நாளிலேயே மல்யுத்தம் பழகியவர். நியூ ஜப்பான் நிறுவனத்தில் சேர்ந்து தொழில்முறை வீரராக வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அந்தோனியோ இனோகி 1972-இல் ஆரம்பித்த நிறுவனம் அது. ஆனால் யமடாவின் உயரம் ஏறக்குறைய 170 சென்டிமீட்டர். ஆறடியைத் தாண்டிய ஆட்கள் நிறைந்த அந்த இடத்தில் இந்த உயரம் போதாது என்றாகிவிட்டது. சரி என்று ஊரில் உட்கார்ந்துவிடாமல் மெக்சிகோவுக்குக் கிளம்பிப் போனார். அங்கே சின்ன உடம்புக்காரர்களும் பெரிய நட்சத்திரங்களாக இருந்தார்கள், முகமூடியோடு பறந்து பறந்து ஆடினார்கள். அங்கே வந்த நியூ ஜப்பான் ஆட்கள் கண்ணில் இந்தப் பையன் பட்டான். ஜப்பானுக்கு அழைத்துப் போய்ப் பயிற்சிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். 1984 மார்ச்சில் முதல் போட்டி.

அப்புறம் வெளிநாட்டுப் பயணங்கள். இங்கிலாந்தில் 'ஃபிளையிங் ஃபூஜி யமடா' என்ற பெயரில் ஆடினார். கனடாவின் கால்கரியிலும் ஆடினார். மெக்சிகோவின் தாவல், இங்கிலாந்தின் பிடி, கால்கரியின் முரட்டுத்தனம் மூன்றும் அவர் ஆட்டத்தில் கலந்திருப்பதைப் பழைய பதிவுகளிலேயே பார்க்கலாம். அந்தக் காலத்தில்தான் 'ஷூட்டிங் ஸ்டார் பிரஸ்' என்ற தாவலை உலகத்துக்குக் காட்டினார். மூலைக் கம்பத்தின் உச்சியில் ரிங்கைப் பார்த்தபடி நிற்க வேண்டும். உடம்பு முன்னே பாய வேண்டும், அதே சமயம் பின்பக்கமாக ஒரு முழுப் பல்டி அடிக்க வேண்டும், கடைசியில் கீழே படுத்திருப்பவர் மேல் வயிறு பட விழ வேண்டும். இன்றைக்கு உலகம் முழுக்க எத்தனையோ பேர் இதைச் செய்கிறார்கள். அதை உலகத்துக்குக் கொடுத்தவர், உயரம் போதாது என்று ஒதுக்கப்பட்ட அந்தப் பையன்.

இனி முகமூடி. கோ நாகாய் உருவாக்கிய 'ஜூஷின் லைகர்' என்ற அனிமே தொடர் 1989-இல் தொலைக்காட்சிக்கு வந்தது. அந்த நாயகனை நிஜத்தில் ரிங்கில் இறக்கலாம் என்று முடிவானது. ஏற்கனவே 1981-இல் 'டைகர் மாஸ்க்' என்ற காமிக்ஸ் நாயகனின் வேடத்தில் சத்தோரு சயாமாவை இறக்கி நாட்டையே புரட்டிப்போட்ட நிறுவனம்தானே! சிறிய எடைப் பிரிவுக்கு ஜப்பானில் மவுசு வந்ததே சயாமாவால்தான். ஆனால் அவர் இரண்டே வருடத்தில் விலகிவிட்டார். அந்த இடம் நிரம்பாமலே இருந்தது.

1989 ஏப்ரல் 24, டோக்கியோ டோம். நியூ ஜப்பான் அந்த அரங்கில் நடத்திய முதல் நிகழ்ச்சி. சிவப்பு உடை, கொம்புகள், கோரைப்பல், பின்னால் தொங்கும் பிடரி மயிர். ஜூஷின் என்றால் மிருகக் கடவுள். லைகர் என்றால் சிங்கத்துக்கும் பெண் புலிக்கும் பிறந்தது. எதிரே நின்றவர் குனியாக்கி கோபயாஷி. பழைய டைகர் மாஸ்க்கின் முகமூடியைக் கிழித்துக் கிழித்தே பெயர் வாங்கியவர். புது முகமூடிக்கு அதைவிடப் பொருத்தமான முதல் எதிரி கிடைக்க மாட்டார். லைகர் ஜெயித்தார். தொடரில் நாயகனின் வடிவம் மாறியபோது இவருடைய பெயரும் 'ஃபயர் லைகர்' ஆகி, 1990 ஜனவரியில் 'தண்டர் லைகர்' ஆனது.

அந்த அனிமே ஒரு வருடம்கூட ஓடவில்லை. 1990 ஜனவரியோடு முடிந்துவிட்டது. அந்தப் பெயரை இவர் அதற்குப் பிறகு முப்பது வருடம் சுமந்தார். இன்று லைகர் என்றால் பெரும்பாலானவர்களுக்கு இந்த மனிதர்தான் நினைவுக்கு வருகிறார். விளம்பரமாகக் கொடுத்த வேடம், கட்டியவருக்கே சொந்தமாகிவிட்டது.

நியூ ஜப்பானின் சிறிய எடைப் பிரிவுக்கான ஐ.டபிள்யூ.ஜி.பி. ஜூனியர் ஹெவிவெயிட் பட்டம் 11 முறை, அந்தப் பட்டத்தின் வரலாற்றிலேயே அதிகம். அதே பிரிவுக்கான 'பெஸ்ட் ஆஃப் தி சூப்பர் ஜூனியர்ஸ்' போட்டித் தொடரில் 3 முறை முதலிடம். அமெரிக்காவில் 1995 செப்டம்பர் 4-இல் டபிள்யூ.சி.டபிள்யூ. என்ற மல்யுத்த நிறுவனத்தின் 'நைட்ரோ' நிகழ்ச்சி முதன்முதலாக ஒளிபரப்பானபோது தொடக்கப் போட்டியே பிரையன் பில்மன், லைகர் மோதல்தான். இப்படிப் பட்டியல் போட்டுக்கொண்டே போகலாம். ஆனால் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது இதனால் அல்ல.

1994 ஏப்ரல் 16-ஐச் சொல்கிறேன். டோக்கியோ ரியோகோகு சுமோ அரங்கில் 'சூப்பர் ஜே கப்'. இந்தப் போட்டிக்குப் பின்னால் இருந்தவரே லைகர்தான். அன்று ஜப்பானில் சின்னச் சின்ன நிறுவனங்கள் நிறைய. ஒரு நிறுவனத்து வீரரும் இன்னொரு நிறுவனத்து வீரரும் சந்திப்பது சுலபமில்லை. அவர்களை எல்லாம் கூப்பிட்டு, 14 பேரை ஒரே இரவில் மோதவிட்டார். மெக்சிகோவில் பயிற்சியில் இருந்த ஹயபுசா என்ற இளைஞருக்கு முதல் சுற்றில் எதிரி லைகரே. லைகர் ஜெயித்தார். ஆனால் ஹயபுசாவின் பெயர் பலர் காதில் விழுந்தது அன்றைக்குத்தான்.

அரையிறுதியில் லைகருக்கு எதிரே தி கிரேட் சாசுகே. வடக்கே மிச்சினோகு என்ற சிறிய நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்த முகமூடி வீரர். இந்தக் காட்சியை நான் குறைந்தது இருபது தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருப்பேன். ஆட்டத்தின் கடைசிக் கட்டம். சாசுகே ரிங்குக்கு வெளியே விளிம்பில் நிற்கிறார். மேல் கயிற்றில் கால் வைத்து எகிறி உள்ளே பாய வேண்டும். எகிறுகிறார், கால் வழுக்குகிறது, தடாலென்று உள்ளே விழுகிறார். அரங்கில் சலசலப்பு. இந்த இடத்தில் பெரும்பாலான வீரர்கள் அப்படி ஒன்று நடக்காதது போலப் பாவித்து அடுத்த அசைவுக்குப் போய்விடுவார்கள். லைகர் நின்றார். கூட்டத்தைப் பார்த்து நிதானமாகக் கைதட்டினார். "அடடா, என்ன தாவல்!" என்பதுபோல. பிறகு விழுந்து கிடந்தவரைத் தூக்கப் போனார். அந்த நொடியில் சாசுகே துள்ளி, இரண்டு கால்களாலும் லைகரின் தலையைப் பிணைத்து, அப்படியே சுழற்றிச் சாய்த்து அமுக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. அரங்கமே எழுந்து கத்தியது.

அந்த வழுக்கல் நிஜமானது என்றுதான் நான் நம்புகிறேன். அப்படியானால் அந்தக் கைதட்டலை யோசித்துப் பாருங்கள். சாசுகே வழுக்கியது அவருடைய அவமானமாகவே நின்றுபோயிருக்கும். லைகர் கைதட்டியதும் அது லைகரின் திமிராக மாறியது. திமிருக்குக் கிடைத்த தண்டனையாகத் தோல்வி வந்தது. சின்ன நிறுவனத்து ஆள் இறுதிப் போட்டிக்குப் போனார். அங்கே வைல்டு பெகாசஸ் என்ற பெயரில் ஆடிய கனடா வீரரிடம் தோற்றாலும், சாசுகே அன்றிரவே பெரிய ஆள். தான் நடத்திய விழாவில் தானே தோற்று, எதிரியின் தவறையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டவர் லைகர். அவரை ஏன் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டீர்களே, என் பதில் இந்த அரை நிமிடம்தான்.

"எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்ததுதானே?" என்று சிலர் கேட்பார்கள். ஆமாம், யார் ஜெயிப்பது என்பது பேசி வைத்ததுதான். விழுவது பேசி வைத்ததால் வலிக்காமல் போவதில்லை. 1994-இல் அவருக்குக் கணுக்கால் உடைந்தது. 1996 ஆகஸ்ட்டில் மூளையில் கட்டி இருப்பது தெரியவந்தது. சிகிச்சைக்குப் பின் அக்டோபரிலேயே கோபேயில் கிரேட் முடா என்ற வீரரோடு மோதினார். முடா முகமூடியைக் கிழித்தார். உள்ளே யமடாவின் முகம் தெரியும் என்று எல்லோரும் காத்திருக்க, மிச்சத்தை லைகரே பிய்த்து எறிந்தார். உள்ளே வெள்ளைச் சாயம் பூசிய பேய் முகம்! 'கிஷின் லைகர்' என்று அதற்குப் பெயர். முகமூடிக்கு உள்ளே என்ன என்ற உங்கள் கேள்விக்கு அவரே 1996-இல் ஒரு பதில் வைத்திருந்தார். அடுத்த ஜனவரி 4-ஆம் தேதி டோக்கியோ டோமில் அல்டிமோ டிராகன் என்ற வீரரை வென்று, எட்டுப் பட்டங்களை ஒன்றாகச் சேர்த்த 'ஜே கிரவுன்' பட்டத்தையும் வாங்கினார்.

மினோரு சுசுகியின் கதையையும் சொல்லாமல் விட முடியாது. 2002 நவம்பரில், யோகோஹாமாவில் 'பான்கிரேஸ்' மேடையில் சுசுகியோடு மோத வேண்டிய வீரர் விலகிவிட்டார். அங்கே நடப்பது பேசி வைத்த ஆட்டம் அல்ல, நிஜச் சண்டை. அந்த இடத்துக்கு லைகர் வந்தார், முகமூடியோடு. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, கழுத்துப் பிடியில் தோற்றார். தோற்பதற்கு நிறைய வாய்ப்பு உண்டு என்று தெரிந்தே போனவர் அவர். பதினேழு வருடம் கழித்து, 2019 அக்டோபர் 14-இல், ஓய்வுபெறப் போகும் லைகரோடு சுசுகி ரியோகோகுவில் மோதினார். சுசுகி ரிங்கில் யாருக்கும் இரக்கம் காட்டாத ஆள். அன்றும் ஜெயித்தது அவரே. ஜெயித்த பின் நாற்காலியை எடுத்தார், இன்னும் அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அதை வீசிவிட்டு, லைகர் முன்னால் மண்டியிட்டுத் தலை தரையைத் தொட வணங்கினார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

2020 ஜனவரி 4, 5 இரண்டு நாளும் டோக்கியோ டோமில் விடைபெறும் போட்டிகள். முதல் நாள் எட்டுப் பேர் மோதல், பெரும்பாலும் பழைய நண்பர்களும் பழைய எதிரிகளும். 1989-இல் முதல் எதிரியாக நின்ற கோபயாஷி எதிரணியின் துணைக்கு வந்திருந்தார். இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மல்யுத்தம் என்றாலே முகம் சுளிக்கும் அப்பா, பேப்பரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இவருக்கு என்ன வயசு இருக்கும்டா?"

"அம்பத்தஞ்சுப்பா."

"என்னைவிட ரெண்டு வயசுதான் சின்னவரா!" என்றவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

அன்று லைகரின் ஜோடி நவோகி சானோ. பயிற்சிக்கூட நாட்களிலிருந்து கூட இருந்தவர். 1990 ஜனவரி 31-இல் ஒசாகாவில் லைகரின் முகமூடியைக் கிழித்து ரத்தக்களரி ஆக்கியவரும் இவரே. எதிரே ஹிரோமு தகாஹாஷியும் ரியூ லீயும். 2018-இல் இந்த லீயோடு மோதும்போதுதான் ஹிரோமுவின் கழுத்து எலும்பு உடைந்தது. ஒன்றரை வருடப் போராட்டத்துக்குப் பின் திரும்பி வந்து, முந்தின நாள்தான் ஜூனியர் பட்டத்தை ஜெயித்திருந்தார். லைகர் பறக்கவில்லை, அந்த வயதில் பறக்க முடியாது. உள்ளங்கையால் அறைந்தார், தூக்கி அடித்தார். கடைசியில் ஹிரோமு அவரைத் தூக்கிப் போட்டு அமுக்கினார். மூன்று எண்ணி முடித்ததும் அப்பா கேட்டார்: "கடைசி ஆட்டத்துல ஜெயிக்க வச்சிருக்கலாமேடா?" சாசுகேயின் கதையை அவருக்குச் சொல்லி முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிவிட்டது.

எதில் தொடங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் 1994 அரையிறுதி. பிறகு சானோவோடு ஒசாகா போட்டி. அதற்குப் பிறகு 1992 ஏப்ரல் 30-இல் எல் சாமுராய் என்ற வீரரோடு ஆடிய சூப்பர் ஜூனியர்ஸ் தொடரின் இறுதிப் போட்டி, அது கொஞ்சம் நீளம், நேரம் ஒதுக்கிக்கொண்டு பாருங்கள். முடா போட்டியை விளக்கை அணைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது. 2020 ஜனவரி 5-ஐ மட்டும் இதெல்லாம் முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள். சானோ யார் என்று தெரியாமல் அதைப் பார்த்தால் பாதிதான் பார்த்த மாதிரி.