அப்பாவின் 800-ஐ விற்றுவிடலாமா?

கேள்வி: கோபி பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். அப்பா 1999-இல் வாங்கிய மாருதி 800 இன்னும் ஓடுகிறது. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் தம்பி, ஏழு வருடம் ஓடிய பென்ஸ் ஒன்றை எனக்காகப் பேசி வைத்திருக்கிறான். 800-ஐத் தள்ளிவிடச் சொல்கிறான். அதைக் கேட்டதிலிருந்து அப்பா முகமே சரியில்லை. வாரம் ஒருமுறை குழந்தைகளோடு கோவை போய்வருகிறோம். என்ன செய்யட்டும்?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அம்மணி, முதலில் குழந்தைகள் விஷயம். 800-இல் அவர்களை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். 796 சிசி, மூன்று சிலிண்டர், எடை 650 கிலோ அளவுதான். அந்த வருடத்து வண்டியில் ஏர்பேக் கிடையாது, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் கிடையாது. அவினாசியில் பெரிய ரோட்டில் ஏறியதும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்ட வேண்டும். யாராவது குறுக்கே வந்துவிட்டால், ஓட்டுபவரின் சாமர்த்தியத்தை விட்டால் வேறு துணை இல்லை. பென்ஸ் வாங்கிய காசுக்கு வேலை செய்வது அந்த இடத்தில்தான். மழையில் அழுத்திப் பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாது. வளைவில் வழுக்கினால் வண்டியே தனித்தனிச் சக்கரத்துக்குப் பிரேக் பிடித்து நேராக்கப் பார்க்கும். மோதினால் முன்பக்கம் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். எனக்கு அதன் சொகுசு சீட்டைவிட இதுதான் பெரிது.

அதற்காகத் தம்பி சொல்வதை அப்படியே கேட்டுவிடாதீர்கள். பழைய பென்ஸில் வண்டியின் விலைதான் இறங்கியிருக்கும். உதிரிபாக விலை இறங்காது. 800-இல், இன்ஜினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டரில் அடைப்பென்றால் உள்ளூர் மெக்கானிக் கழற்றிச் சுத்தம் செய்து அன்றைக்கே வண்டியைக் கொடுத்துவிடுவார். பென்ஸில் எல்இடி ஹெட்லைட் போனால் பெரும்பாலும் முழு யூனிட்டையே மாற்ற வேண்டும். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் உள்ள மாடலானால் செலவு இன்னும் ஏறும். உங்கள் தோட்டத்து இட்டேரி மண்தடத்தில் அந்தத் தாழ்ந்த உடம்பும் பட்டை டயரும் என்ன பாடுபடும் என்றும் யோசியுங்கள். டயர் கிழிந்தால் மாட்ட, பல ஆடம்பர கார்களில் ஸ்டெப்னியே இருக்காது.

அதே பணத்துக்குள், பாரத் என்கேப் என்ற மோதல் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய, ஆறு ஏர்பேக் உள்ள புதுக் கார் கிடைக்கும். வாரண்டியும் உண்டு. என் ஓட்டு அதற்குத்தான். தம்பி பென்ஸில்தான் நிற்பேன் என்றால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் முழு சர்வீஸ் ரெக்கார்டைக் கேளுங்கள். விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒர்க்‌ஷாப்பில் வண்டியின் கோளாறுகளைக் காட்டும் கம்ப்யூட்டர் ஸ்கேன் போட்டுப் பாருங்கள்.

800-ஐ விற்க வேண்டாம். விற்றாலும் பெரிதாக ஒன்றும் கையில் வராது. அப்பா சந்தைக்கும் பேங்குக்கும் போய்வர அதைவிடத் தோதான வண்டி இல்லை. 15 ஆண்டு முடிந்த காருக்கு ஐந்தாண்டுக்கொரு முறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025-இல் கட்டணத்தை உயர்த்தியிருக்கிறார்கள். தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பெட்ரோல் போகும் அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ் அதற்குத் தாங்காது. இந்த வாரமே மெக்கானிக்கிடம் காட்டி ஹோஸையும் கார்புரேட்டர் கேஸ்கெட்டையும் மாற்றிவிடுங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.