மின்கம்பியை அழித்த தூரிகை

கேள்வி: பட்டர்வொர்த்தில் கணக்கு வேலை பார்க்கும் நான், ஓய்வு நாள்களில் படமெடுத்து ஸ்டாக் படங்களை, அதாவது பத்திரிகைகளும் விளம்பரக்காரர்களும் வாங்கிப் பயன்படுத்தும் ஆயத்தப் படங்களை, விற்கும் ஓர் இணையத் தளத்துக்கு அனுப்பி வருகிறேன். 2025 தைப்பூசத்தில் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலிலும் ரத ஊர்வலத்திலும் எடுத்த 40 படங்களில் 31 படங்கள், ‘செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டவை’ என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்துவிட்டன. இரவுப் படங்களில் இருட்டால் விழும் மணல்போன்ற புள்ளிகளை மென்பொருளால் நீக்கினேன், சில படங்களில் குறுக்கே ஓடிய மின்கம்பிகளை அழித்தேன், அவ்வளவுதான். ஏஐ படங்களை வாங்கும் வேறொரு தளத்தில் ‘ஏஐ’ என்றே குறியிட்டு விற்றுவிடச் சொல்கிறான் என் தம்பி. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் ‘அவ்வளவுதான்’ என்று நீங்கள் எழுதியிருக்கும் இடத்தில்தான் என் கண் நின்றது. மறுக்கப்பட்ட 31 படங்களும் ஒரே காரணத்தால் மறுக்கப்பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. சிலவற்றில் தவறு அவர்களுடையது. சிலவற்றில், நீங்கள் அறியாமலே, உங்களுடையது. இரண்டையும் பிரிக்காமல் முறையீடு எழுதினால் நியாயமான படங்களும் சேர்ந்து அடிபடும்.

மின்கம்பிகளை எந்தத் தூரிகையால் அழித்தீர்கள் என்பதை முதலில் பாருங்கள். பழைய குளோன் கருவி, அதே படத்தின் வேறொரு பகுதியை நகலெடுத்துக் கம்பியின் மேல் ஒட்டும். ஆனால் ஃபோட்டோஷாப், லைட்ரூம் ஆகிய படத்திருத்த மென்பொருள்களில் அண்மை ஆண்டுகளில் வந்திருக்கும் ‘ஜெனரேட்டிவ்’ என்ற அடைமொழியுள்ள கருவிகள், கம்பி இருந்த இடத்தில் என்ன இருந்திருக்கக்கூடும் என்று தாமே கற்பனை செய்து புதிதாக வரைகின்றன. அப்படி வரைந்ததைக் கோப்பின் உள்விவரங்களில் குறித்தும் வைப்பதுண்டு. தளத்தின் இயந்திரம் அந்தக் குறிப்பைப் படித்தால், படத்தின் நூற்றில் ஒரு பங்குதான் மாறியது என்பதை அது பொருட்படுத்தாது. 2024இல் ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் இத்தகைய குறிப்புகளை நம்பி உண்மையான புகைப்படங்களுக்கும் ‘ஏஐ கொண்டு உருவாக்கியது’ என்ற பட்டையை ஒட்டியது. படக்கலைஞர்களின் எதிர்ப்புக்குப் பிறகு அந்தச் சொற்களை அதே ஆண்டு ஜூலையில் மாற்ற வேண்டியதாயிற்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முகம் தெரியும் பக்தர்களிடம் நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் வாங்கியிருக்க மாட்டீர்கள். ஆகவே ஊர்வலப் படங்களை விளம்பரத்துக்கான பிரிவில் சேர்க்க முடியாது, செய்திப் பயன்பாட்டுக்குரிய ‘எடிட்டோரியல்’ பிரிவில்தான் கொடுக்க முடியும். அந்தப் பிரிவில் இருந்ததை அழிப்பதும் இல்லாததைச் சேர்ப்பதும் பொதுவாகவே கூடாது. குளோன் கருவியால் அழித்திருந்தாலும் அங்கே விதிமீறல்தான். பினாங்கு வீதியில் ரதம் வரும்போது மேலே மின்கம்பி இருந்தால், அது படத்திலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

இரவுப் படங்களின் கதை வேறு, அங்கே நான் உங்கள் பக்கம். புள்ளிகளை நீக்கும் மென்பொருள் படத்தை உருவாக்குவதில்லை, துப்புரவு செய்கிறது. ஆனால் அளவை முழுவதும் ஏற்றிவிட்டால் நெற்றியின் திருநீறும் தோலின் துளைகளும் மெழுகு பூசியதுபோல் ஒன்றாகிவிடும். நூறு விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பார்க்கும் பரிசோதகருக்கு இயந்திரம் வரைந்த படத்தின் நினைவே வரும். அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு கேமராவிலும் ஒளியைப் பதிவுசெய்யும் உணரி, தான் எடுக்கும் படங்களில் எல்லாம் கைரேகைபோல் தனக்கே உரிய மிக நுண்ணிய ஒரு புள்ளி வடிவத்தைப் பதிக்கிறது, தடயவியலாளர் அதைக் கொண்டு எந்தக் கேமரா எடுத்த படம் என்று கண்டுபிடிப்பதும் உண்டு என்பதாகும். புள்ளிகளைக் கடுமையாகத் துடைக்கும்போது, உங்களுக்காகச் சாட்சி சொல்லக்கூடிய அந்த ரேகையும் மங்கிவிடுகிறது.

நம்முடைய படங்களுக்கென்றே ஒரு தொல்லையும் உண்டு என்பது என் ஊகம். ஏஐ படங்களை எழுத்துக் குழப்பத்தாலும் விரல் எண்ணிக்கையாலும் கண்டுபிடிப்பது வழக்கமாகிவிட்டது. தமிழ் தெரியாத ஒருவருக்கு, மாலை பாதி மறைத்த தண்ணீர்ப் பந்தல் பெயர்ப் பலகை வெறும் கிறுக்கலாகத் தெரியலாம். காவடியில் நெருங்கி நிற்கும் வேல்களும், பின்னால் தாங்கும் கைகளும், ஆறுமுகனின் பன்னிரண்டு கரங்களும் சேர்ந்தால் பாவம் அவர் எதை எண்ணுவார்! கண்ணை மட்டும் நம்பினால் வல்லுநர்களும் ஏமாறுவார்கள். 2024இல் மைல்ஸ் ஆஸ்ட்ரே என்ற படக்கலைஞர், தலை தெரியாமல் நின்ற ஒரு பூநாரையின் உண்மையான புகைப்படத்தை ஒரு போட்டியின் ஏஐ பிரிவுக்கு அனுப்பிப் பரிசும் பெற்றார். உண்மையை அவரே சொன்ன பிறகுதான் பரிசு திரும்பப் பெறப்பட்டது.

தம்பியின் யோசனையை விட்டுவிடுங்கள். ஸ்டாக் படத் தளங்களில் கெட்டி இமேஜஸ் 2022 செப்டம்பரிலிருந்து ஏஐ படங்களை ஏற்பதில்லை. அடோபி ஸ்டாக் அதே ஆண்டு இறுதியிலிருந்து உரிய குறியீட்டோடு ஏற்கிறது. எந்தத் தளமானாலும், நீங்கள் எடுத்த படத்தை இயந்திரம் உருவாக்கியது என்று அறிவிப்பது பொய் வாக்குமூலம். தைப்பூசத்தைப் பற்றிக் கட்டுரை போட விரும்பும் பத்திரிகைக்காரர் ஏஐ படங்களை விலக்கித் தேடுவார். நாலு வெள்ளிக்காகக் குறியிட்ட படம் அவர் கண்ணில் படவே படாது.

கம்பி அழித்த படங்களை முறையீட்டில் சேர்க்காதீர்கள். அவற்றின் மூலக் கோப்புகளிலிருந்து கம்பியோடு புதிதாகத் தயாரித்துப் பின்னொரு நாள் அனுப்பலாம். மற்றவற்றில் மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, கேமரா பதிவுசெய்த, திருத்தப்படாத மூலமான ரா கோப்பு உங்களிடம் இருப்பதையும், கேட்டால் தரத் தயாராக இருப்பதையும் ஐந்தாறு வரிகளில் எழுதி, மனிதர் ஒருவர் பார்க்க வேண்டுமென்று கேளுங்கள். அந்த ஒவ்வொரு படத்துக்கும் முன்னும் பின்னும் சில நொடிகளில் எடுத்த படங்களை, வரிசை எண்ணும் நேரமும் தெரியும்படி ஒரே பக்கத்தில் சேர்த்து இணையுங்கள். காவடி ஓர் அடி நகர்ந்திருப்பதும், அடுத்தவர் கண் சிமிட்டியிருப்பதும், லென்ஸைக் கழற்றி மாட்டும்போது உணரியில் விழுந்த தூசி எல்லாப் படத்திலும் ஒரே மூலையில் நிற்பதும் நல்ல சான்றுகள். (தூசிக்காக நான் மகிழ்ந்தது வாழ்க்கையில் இந்த ஒரு விஷயத்தில்தான்.) உள்விவரங்களை முழுவதும் நீக்கி அனுப்பினால் பிரச்சினை தீரும் என்று சிலர் சொல்வார்கள், கேமராவின் பெயரும் நேரமும் இல்லாத கோப்பு இன்னும் சந்தேகத்தைத்தான் கிளப்பும். பதில் வரும்வரை மறுக்கப்பட்ட படங்களை மீண்டும் மீண்டும் ஏற்றாதீர்கள், கணக்கே முடக்கப்படலாம்.

படக்குறிப்பில் இடமும் தேதியும், ‘ஜார்ஜ் டவுன், மலேசியா, 11 பிப்ரவரி 2025’ என்பதுபோல், ஆங்கிலத்தில் இருக்கட்டும். பெயர்ப் பலகை தெரியும் படமானால் அதில் தமிழில் எழுதியிருப்பது என்ன என்பதையும் அந்தக் குறிப்பிலேயே சொல்லிவிடுங்கள். அனுப்பும் மூன்று படங்களில் ஒன்று அப்படிப்பட்டதாக இருப்பது நல்லது.