நரியைப் பற்றிப் பாட வேண்டாம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

மண்டபம் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகளில் பாதிப் பேருடைய அப்பாக்கள் கடலுக்குப் போகிறவர்கள். சிலருடைய அம்மாக்கள் பாசி எடுக்கப் போவார்கள். போன ஆண்டு விழாவுக்கு ஒரு படப்புத்தகத்தைப் பாட்டு நாடகமாகப் போட்டோம். இணையத்தில் எடுத்த இசையை ஸ்பீக்கரில் ஓடவிட்டோம், பிள்ளைகள் முகமூடி மாட்டிக்கொண்டு வாயசைத்தார்கள். நடுவில் ஒரு பையன் வரியை மறந்து நின்றுவிட்டான். பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் தடுமாறிப் போனார்கள். அதிலிருந்து அவன் மேடைப் பக்கமே வரமாட்டேன் என்கிறான்.

இந்த வருஷமும் ஒரு நாடகம் போடச் சொல்கிறார்கள். ஒரு மணி நேரம் வர வேண்டுமாம். புத்தகமோ 32 பக்கம், மொத்தமே இருபது வரி. அதை எப்படி இழுப்பது? பாட்டை எங்கே வைப்பது? உடன் வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர், "படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிப்பதை நாம் பாட்டுப் பாடிச் சொல்லிக் கெடுத்துவிடுகிறோம்" என்கிறார். அதுவும் சரிதானோ என்று தோன்றுகிறது. என் பெயரைப் போட வேண்டாம்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

முதலில் அந்தப் பையன். வரியை மறந்தது அவன் தப்பில்லை. மறந்தால் தாங்கிப் பிடிக்க ஆள் வைக்காமல் அவனை மேடையேற்றியதுதான் தப்பு. நம் ராமநாதபுரம் பக்கத்துத் திருவிழாக்களில் வள்ளி திருமணம் நாடகம் பார்த்திருப்பீர்கள். ராஜபார்ட் (நாயகன்) ஓர் ஊர், ஸ்திரீபார்ட் (நாயகி) ஓர் ஊர், பபூன் (கோமாளி) இன்னோர் ஊர். தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள், அன்றைக்கு ராத்திரிதான் ஒன்றாக மேடை ஏறுவார்கள். ஒத்திகை என்று ஒன்று கிடையாது. அப்படியும் விடிய விடிய நாடகம் நிற்கிறது என்றால் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற ஆர்மோனியக்காரர்தான் காரணம். நடிகருக்கு மூச்சு வாங்கினால் சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டு பின்பாட்டில் அவரே ஒரு வரியை எடுத்துக் கொடுப்பார். பக்கத்தில் மிருதங்கம். அதற்கடுத்து ஆல்ரவுண்ட், அதாவது விதவிதமான சத்தங்கள் எழுப்புகிற வாத்தியக்காரர்: ஒருவர் தடுக்கி விழுந்தால்கூட அதற்கு ஒரு சத்தம் கொடுத்து நாடகத்தோடு சேர்த்துவிடுவார். பழுத்த நடிகர்களுக்கே இத்தனை பேர் துணை வேண்டியிருக்கிறது. எட்டு வயசுப் பிள்ளைக்கு ஒரு பென்டிரைவை மட்டும் துணையாக நிறுத்துவது நியாயமில்லை.

அதனால் பதிவு செய்த இசையே வேண்டாம். ஓர் ஆர்மோனியம், ஒரு தவில் அல்லது டோலக், கையில் கிடைக்கிற டப்பா, சலங்கை, சிரட்டை போதும். இன்னொரு காரணமும் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கிற இசை பெரும்பாலும் பெரியவர்களுடைய குரலுக்குப் போட்டது. பிள்ளைகள் கீழே எட்டாமல் முனகுவார்கள், அல்லது மேலே எட்டாமல் கத்துவார்கள். ஆர்மோனியம் இருந்தால் ஐந்து, ஐந்தரைக் கட்டைச் சுருதியில் வைத்துப் பார்த்து, சிரமப்பட்டால் அரைக் கட்டை இறக்கிக்கொள்ளலாம். பாடுகிற பிள்ளைக்காகச் சுருதி இறங்கி வர வேண்டும்.

இனி, பாட்டை எங்கே வைப்பது என்கிற கேள்வி. உங்கள் தோழியின் கவலைக்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. நல்ல படப்புத்தகத்தில் வார்த்தை ஒன்றைச் சொல்லும், படம் வேறொன்றைச் சொல்லும். பாட் ஹட்சின்ஸ் 1968-இல் வெளியிட்ட 'ரோஸீஸ் வாக்' என்ற ஆங்கிலப் புத்தகம் இதற்கு மிகச் சரியான உதாரணம். மொத்தம் 32 சொற்கள், ஒரே ஒரு வாக்கியம். ஒரு பெட்டைக்கோழி முற்றத்தைத் தாண்டி, குளத்தைச் சுற்றி, வைக்கோல் போர் மேல் ஏறி, மாவு ஆலையைக் கடந்து, வேலிக்குள் நுழைந்து, தேனீப் பெட்டிகளுக்கு அடியில் புகுந்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு நேரத்தோடு வீடு திரும்புகிறது. வார்த்தையில் இருப்பது இவ்வளவுதான். படத்திலோ முதலிலிருந்து ஒரு நரி பின்னாலேயே வருகிறது. குளத்தில் விழுகிறது, மாவு மூட்டை தலையில் கொட்டுகிறது, கடைசியில் தேனீக்கள் அதைத் துரத்துகின்றன. நரி என்ற சொல் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. கோழி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நரியைக் கண்டுபிடிக்கிற உரிமை வாசிக்கிற குழந்தைக்கு மட்டுமே விடப்பட்டிருக்கிறது.

இதை மேடையில் போடுகிற ஒருவர் "நரி வருது, நரி வருது, ஜாக்கிரதை" என்று ஒரு பாட்டு எழுதிவிட்டால் எல்லாம் போச்சு. உங்கள் தோழி பயப்படுவது இதைத்தான், அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதற்காக நாடகமே வேண்டாம் என்று விட வேண்டியதில்லை. கோழி தன் நடையைப் பற்றி மட்டும் நிம்மதியாகப் பாடிக்கொண்டு போகட்டும். நரிக்கு ஒரு வரிகூடத் தர வேண்டாம், ஆல்ரவுண்ட் சத்தம் மட்டும் போதும்: பதுங்கும்போது சிரட்டை உரசல், விழும்போது டப்பா. இரண்டாவது தடவை நரி தலையை நீட்டும்போதே கீழே உட்கார்ந்திருக்கிற ஒண்ணாங்கிளாஸ் முழுதும் "பின்னாடி பாரு, பின்னாடி பாரு" என்று எழுந்து நிற்கும். புத்தகத்தை மடியில் வைத்துத் தனியாகக் கண்டுபிடித்ததை இங்கே நூறு பேர் சேர்ந்து கண்டுபிடிக்கிறார்கள். எதுவும் கெட்டுப்போகவில்லை.

கண்ணுக்குத் தெரிவதைப் பாட வேண்டாம் என்றால் எதைத்தான் பாடுவது? தெரியாததை. இதற்கு வெளியூர் போக வேண்டியதில்லை. வள்ளி கிளி விரட்ட ஆலோலம் பாடுகிற கட்டத்தை நினைத்துப் பாருங்கள். மேடையில் தினைப்புனம் இல்லை, பரண் இல்லை, ஒரு கிளி கிடையாது. பின்னால் தொங்குவது ஏதோ ஓர் அரண்மனைப் படுதாவாகக்கூட இருக்கும். அவர் கையை வீசி ஆலோலம் பாட ஆரம்பித்ததும் தினையும் வந்துவிடுகிறது, கிளிக்கூட்டமும் வந்துவிடுகிறது. மேடையில் காட்ட முடியாத பக்கங்கள் உங்கள் புத்தகத்திலும் நாலைந்து இருக்கும்: காடு, புயல், வானத்தில் பறப்பது, அம்மா இல்லாத ராத்திரி. அங்கே வையுங்கள் பாட்டை. பிளெக்ஸ் பேனரில் படத்தை அச்சடித்துப் பின்னால் மாட்டுவதற்கு ஆகிற செலவும் மிச்சம்.

இங்கிலாந்தில் 'தி கிரஃபலோ' என்ற 1999-ஆம் வருஷத்துப் படப்புத்தகத்தை டால் ஸ்டோரிஸ் என்ற குழு 2001-இல் பாட்டு நாடகமாக்கியது. மூன்றே நடிகர்கள். நரி, ஆந்தை, பாம்பு மூன்றாகவும் ஒருவரே வருவார், ஆனால் ஒவ்வொன்றுக்கும் பேச்சு வேறு, பாட்டின் தினுசு வேறு. புத்தகத்தில் பார்த்ததுமே தெரிகிற வித்தியாசத்தை அவர்கள் பாட்டின் சாயலில் கொண்டுவந்தார்கள். நமக்கு இது இன்னும் சுலபம். வாயாடி மிருகத்துக்குப் பபூன் பாட்டு மெட்டு, அதிகாரம் பண்ணுகிற மிருகத்துக்கு ராஜபார்ட் மெட்டு, பாம்புக்கு மகுடி. மேடைக்கு வந்து நின்றதும் பிள்ளைகளுக்கு ஆள் யாரென்று புரிந்துவிடும்.

ஒரு மணி நேர விஷயத்தில் நீங்கள் கொஞ்சம் அழுத்திப் பேச வேண்டும். மாரிஸ் செண்டாக் எழுதி வரைந்த 'வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்' 1963-இல் வந்தது. அதில் காட்டு மிருகங்களோடு பையன் கும்மாளம் போடுகிற பக்கங்களில் ஒரு வார்த்தைகூட இல்லை, மூன்று விரிபக்கங்களுக்கு வெறும் படம்தான். ஆலிவர் நசன் அதை ஆப்பராவாக, அதாவது பாடியே நடிக்கிற இசை நாடகமாக, இசையமைத்தார். செண்டாக்கே பாடல் வரிகளை எழுதி, மேடையையும் வடிவமைத்தார். 1980-இல் பிரஸ்ஸல்ஸில் முதலில் மேடையேறிய அந்த ஆப்பரா, முழு இசைக்குழுவை வைத்துக்கொண்டும் ஏறக்குறைய 40 நிமிஷம்தான். எரிக் கார்லின் பசித்த கம்பளிப்பூச்சிப் படப்புத்தகத்தை 2015-இல் 75 பொம்மைகளோடு மேடைக்குக் கொண்டுவந்தவர்கள் ஒரு கதையை இழுக்கவில்லை, அவருடைய நான்கு புத்தகங்களைச் சேர்த்துப் போட்டார்கள். உங்கள் பள்ளியிலும் அப்படிச் சொல்லிப் பாருங்கள். இருபது நிமிஷத்தில் ஒரு கதை, மூன்றாம் வகுப்புக்கு ஒன்று, நான்காம் வகுப்புக்கு ஒன்று, ஐந்தாம் வகுப்புக்கு ஒன்று. மணி நேரமும் ஆகிவிடும், எல்லாப் பிள்ளைகளுக்கும் மேடையும் கிடைக்கும்.

புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றி. பிரதம் புக்ஸ் என்ற பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலேயே ஏராளமான படப்புத்தகங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தவை, எழுதியவர், வரைந்தவர் பெயரைச் சொல்லிவிட்டு மாற்றி எழுதி மேடையேற்றலாம். மற்ற புத்தகம் என்றால் பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்டுவிடுங்கள். மாணவர், ஆசிரியர், பெற்றோர் மட்டும் பார்க்கிற பள்ளி நாடகத்துக்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் சலுகை தருகிறது. ஊருக்கே டிக்கெட் போட்டு நடத்தினால் அந்தச் சலுகை கிடையாது.

எனக்கு இதைவிட ஆசை ஒன்று உண்டு. உங்கள் பிள்ளைகளே ஒரு படப்புத்தகம் செய்யட்டும், அதை மேடைக்குக் கொண்டுவாருங்கள். சார்ட் பேப்பரைக் குறுக்காக ஒரு கோடு போட்டுப் பிரியுங்கள். கோட்டுக்கு மேலே ஒரு வத்தை (சின்னப் படகு), அதில் அப்பாவும் மகளும். கோட்டுக்குக் கீழே கடல் புல் மேய்கிற ஓர் ஆவுளியா (கடல் பசு), கூடவே அதன் குட்டி. வார்த்தை முழுக்க மேலே உள்ளவர்களைப் பற்றியே இருக்கட்டும்: காற்று திரும்பிவிட்டது, மீன் இல்லை, வலையைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமா. கீழே நடப்பது படத்தில் மட்டும். குட்டி மூச்சு விட மேலே வர வேண்டும், ஆவுளியா மீன் இனமில்லையே. அது வருகிற பாதையில்தான் வலை இறங்குகிறது.

மேடையில் நாலு பிள்ளைகள் ஒரு நீலச் சேலையை நெஞ்சு உயரத்துக்கு விரித்துப் பிடித்தால் கடல் ஆச்சு. மேலே இரண்டு பேர் துடுப்புப் போடுகிறார்கள், கீழே இரண்டு பேர் தவழ்கிறார்கள். கடலுக்குக் கீழே இருப்பது பார்க்கிற சனங்களுக்குத் தெரியும், வத்தையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. நாடகம் அந்த இடத்தில்தான் இருக்கிறது, அதைப் பாட்டால் மூடிவிடாதீர்கள். வத்தைக்காரர்கள் பாடலாம். என்ன பாடுவது என்று யாரையும் தேடி அலைய வேண்டாம், கரைவலை இழுத்த தாத்தாக்களைப் பள்ளிக்கு வரச் சொல்லி அம்பா பாட்டுக் கேளுங்கள். ஒருவர் ஒரு வரி எடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ போடுவார்கள். எடுக்கிறவர் வரியை மறந்தாலும் ஏலேலோ ஓடிக்கொண்டிருக்கும், அதற்குள் நினைவு வந்துவிடும். அந்தப் பையனுக்கு இந்த இடத்தைக் கொடுங்கள். முதலில் கூட்டத்தில் ஏலேலோ போடட்டும், பழகிய பிறகு ஒரே ஒரு வரி எடுக்கட்டும். மாட்டேன் என்றால் ஆல்ரவுண்ட் டப்பாவை அவன் கையில் கொடுத்துவிடுங்கள். யார் தடுமாறினாலும் காப்பாற்றுகிற வேலை அது, அவனைவிட அதைப் புரிந்துகொண்டு செய்கிறவர் கிடைக்கமாட்டார்கள்.

வலை இறங்குகிற பக்கத்தில் பாட்டு, தவில், எல்லாம் நிற்கட்டும். பத்து எண்ணும் வரை ஒன்றும் வேண்டாம். குட்டி தப்பியதா, மகள் பார்த்துவிட்டு வலையை அறுக்கச் சொன்னாளா என்பதைப் பிள்ளைகள் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணட்டும். வலையை அறுத்தால் அப்பாவுக்கு எவ்வளவு நஷ்டம் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் அந்தப் பேச்சு சீக்கிரம் முடியாது. முடிக்கச் சொல்லி அவசரப்படுத்த வேண்டாம்.

அப்புறம் சில நடைமுறை விஷயங்கள். முகமூடி வேண்டாம். குரலை அமுக்கும், முகத்தையும் மறைத்துவிடும். தலையில் ஒரு குல்லாவோ, கன்னத்தில் இரண்டு கோடோ போதும். திறந்தவெளியில் போடுவதானால் காற்று பிள்ளைகளின் முதுகுப் பக்கமிருந்து அடிக்கிற மாதிரி மேடையை வையுங்கள். கச்சான் காற்று அடிக்கிற நாளில் எதிர்காற்றில் பாடினால் முதல் வரிசைக்கே கேட்காது. ஆண்டு விழாவோடு விட்டுவிடாமல் மே மாதம் ஊருக்குள் இன்னொரு தடவை போடுங்கள். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகில் போகிற அப்பாக்கள் கரையில் இருப்பார்கள். பிள்ளை பாடுவதை நேரில் பார்க்க அவர்களுக்கு வருஷத்தில் அதுதான் நேரம்.

ஆர்மோனியத்துக்கு நாடகக் கலைஞர்களிடமே கேளுங்கள், சும்மா வரச் சொல்லாமல் சம்பளம் பேசிக் கொடுங்கள். மே மாதம் திருவிழாச் சமயம், ராத்திரி முழுக்க வாசித்துவிட்டு விடிந்துதான் வீடு வந்து படுப்பார்கள். காலையில் போன் பண்ணாமல் நாலு மணிக்கு மேல் பண்ணுங்கள். ஒத்திகைக்கு மூன்று மாலைகளாவது வேண்டும் என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் ஒத்திகை என்பது அவர்களுக்கு வழக்கமில்லை.

அன்புடன்,
அக்கா