'60 சதவீத ஸ்காலர்ஷிப்' என்றால் எதில் 60?

கேள்வி: என் மகள் திருச்சியில் பிளஸ் டூ படிக்கிறாள். நீளம் தாண்டுதலில் 5.92 மீட்டர் தாண்டியிருக்கிறாள். பத்தாம் வகுப்பில் 94 சதவீதம். அமெரிக்காவில் சுமார் 9,000 பேர் படிக்கும் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் தடகளக் கோச், '60 சதவீத ஸ்காலர்ஷிப் தருகிறோம், வா' என்று வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கிறார். டிவிஷன் 1 என்கிறார்கள். இங்கே ஒரு கன்சல்டன்ட், 'எல்லாவற்றையும் நான் முடித்துத் தருகிறேன், கிடைக்கும் ஸ்காலர்ஷிப்பில் 10 சதவீதம் கொடுங்கள்' என்கிறார். மீதிப் பணத்தை விளம்பரங்களில் சம்பாதித்துவிடலாம் என்றும் சொல்கிறார். நம்பலாமா? அவளுக்கு இன்ஜினியரிங் படிக்க ஆசை.

பதில்: கோச் சொல்வது பெரும்பாலும் உண்மையாக இருக்கும். கன்சல்டன்ட் சொல்வதில் இரண்டு விஷயங்கள் ஆபத்தானவை. முதலில் கோச்சைப் பார்ப்போம். திருச்சியில் இருக்கும் ஒரு பெண்ணை அவர் ஏன் தேடி வருகிறார் என்று தெரிந்தால்தான் உங்களால் பேரம் பேச முடியும்.

நடுத்தரப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுத் துறையை டிவியில் வரும் பெரிய கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல) அணிகளோடு சேர்த்து எண்ணிவிடாதீர்கள். அங்கே ஒளிபரப்புப் பணம் கொட்டும். இங்கே டிக்கெட் வருமானம் சொற்பம். செலவில் பெரும்பங்கு பல்கலைக்கழகத்தின் சொந்த நிதியிலிருந்தும் மாணவர்கள் கட்டும் கட்டணத்திலிருந்தும்தான் வருகிறது. ஆனாலும் டிவிஷன் 1-இல், அதாவது கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவில், நீடிக்க வேண்டுமென்றால், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி குறைந்தது 14 விளையாட்டு அணிகள் வேண்டும். பெரிய ஃபுட்பால் பிரிவில் இருந்தால் 16. இந்தக் கணக்கில் தடகளம் ஒரு வரப்பிரசாதம். கிராஸ் கன்ட்ரி, உள்ளரங்கத் தடகளம், வெளியரங்கத் தடகளம் மூன்றும் தனித்தனி அணிகளாக எண்ணப்படும். ஒரே பெண்கள் கூட்டத்தை வைத்து மூன்று அணிகளைக் காட்டிவிடலாம். பட்ஜெட் இறுகும்போது மற்ற அணிகளை மூடுபவர்கள் தடகளத்தில் கை வைக்கத் தயங்குவதற்கு இது ஒரு காரணம்.

அடுத்தது, கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்க 1972-இல் வந்த டைட்டில் ஒன்பது சட்டம். விளையாடுகிற ஆண், பெண் எண்ணிக்கைக்கு ஏற்ப விளையாட்டு உதவித்தொகையையும் பங்கிட வேண்டும். பெரிய பிரிவின் ஃபுட்பாலில் மட்டும் நெடுங்காலம் 85 ஆண்களுக்கு முழு ஸ்காலர்ஷிப் இருந்தது. அதை ஈடுகட்டத்தான் தடகளத்தில் ஆண்களுக்கு 12.6 ஸ்காலர்ஷிப், பெண்களுக்கு 18 என்று உச்சவரம்பு வைத்திருந்தார்கள். 12.6 என்ற பின்னத்தைக் கவனியுங்கள். இவை முழுசாக ஒருவருக்கு ஒன்று என்று தரப்படுபவை அல்ல. கோச் பங்கு போட்டுத் தருபவை. உங்களுக்கு 60 சதவீதம் என்றால் அவர் கையிலிருக்கும் ஒன்றில் 0.6 உங்கள் மகளுக்குப் போகிறது. தடகளத்தில் இது நல்ல பங்குதான், நிறையப் பேர் இதைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

சரி, உங்கள் மகளுக்கு இன்னும் கூடுதலாகக் கேட்கலாமா? அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகம் எந்தக் கான்ஃபரன்ஸில், அதாவது எந்தப் பல்கலைக்கழகக் கூட்டத்தோடு சேர்ந்து போட்டியிடுகிறது என்று பாருங்கள். அந்தக் கான்ஃபரன்ஸ் சாம்பியன்ஷிப்பில் பெரும்பாலும் முதல் எட்டு பேருக்குத்தான் புள்ளி: 10, 8, 6, 5, 4, 3, 2, 1. முடிவுகள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். கடைசி மூன்று வருடங்களின் பெண்கள் நீளம் தாண்டுதலை எடுத்து, மூன்றாவதாக வந்தவளும் எட்டாவதாக வந்தவளும் எவ்வளவு தாண்டினார்கள் என்று எழுதிவையுங்கள். 5.92 முதல் மூன்றுக்குள் வந்தால் கோச்சிடம் தைரியமாகக் கூடுதல் கேளுங்கள். எட்டாவது இடத்தை ஒட்டி நின்றால் 60 சதவீதமே தாராளம். உள்ளரங்கம், வெளியரங்கம் இரண்டையும் பாருங்கள், அவள் இரண்டிலும் தாண்டுவாள். மும்முறைத் தாண்டுதலும் வரும் என்றால் மறக்காமல் சொல்லுங்கள். ஒரே ஸ்காலர்ஷிப்பில் இரண்டு போட்டிகளில் புள்ளி எடுப்பவளைக் கோச் விடமாட்டார். ஆனால் அந்த 5.92-க்கு காற்றின் வேக அளவோடு அதிகாரபூர்வ முடிவுத்தாள் இருக்க வேண்டும். பள்ளி விளையாட்டு விழாவில் டேப் பிடித்து அளந்தது செல்லாது.

இப்போது தலைப்பில் உள்ள கேள்வி. ஒரு கணக்குக்காக, வருடச் செலவு 48,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கல்விக் கட்டணம் 32,000, தங்குமிடமும் சாப்பாடும் 13,000, புத்தகம், காப்பீடு வகையறா 3,000. மொத்தத்தில் 60 சதவீதம் என்றால் 28,800 அவர்கள் தருவார்கள், 19,200 நீங்கள் கட்டுவீர்கள். கல்விக் கட்டணத்தில் மட்டும் 60 சதவீதம் என்றால் எண்கள் அப்படியே இடம் மாறிவிடும். அவர்கள் தருவது 19,200, நீங்கள் கட்டுவது 28,800. நாலு வருடத்துக்கு வித்தியாசம் 38,400 டாலர். கோச் பொய் சொன்னார் என்று யாரும் சொல்ல முடியாது, இரண்டுமே '60 சதவீதம்'தான்! இன்னொன்று, ஒப்பந்தத்தில் சதவீதமாக எழுதுவார்களா, டாலர் தொகையாக எழுதுவார்களா? கட்டணம் வருடாவருடம் ஏறும். தொகையாக எழுதினால் ஏறுகிற பாரம் முழுக்க உங்கள் தலையில் விழும்.

மாநிலப் பல்கலைக்கழகம் என்பதால் மூன்றாவதாகவும் ஒன்று கேளுங்கள். வெளி மாநிலத்தவருக்கான கூடுதல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வார்களா, அது இந்த 60-க்குள் அடக்கமா, தனியா? அப்புறம் அந்த 94 சதவீதம். மதிப்பெண்ணுக்காகத் தரும் கல்வி உதவித்தொகையை விளையாட்டு ஸ்காலர்ஷிப்பின் மேல் அடுக்கிக்கொள்ளலாம். 2020-இலிருந்து அது அணியின் ஸ்காலர்ஷிப் கணக்கில் சேர்வதில்லை. அதனால் நன்றாகப் படிக்கும் பிள்ளை கோச்சுக்கு மலிவு. '60 போதும், மீதிக்கு மெரிட் ஸ்காலர்ஷிப் வாங்கித்தர அட்மிஷன் ஆபீஸில் பேசுங்கள்' என்று கேட்பது, 70 கொடுங்கள் என்று இழுப்பதைவிடப் பலன் தரும்.

2025 ஜூனில், கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய 'ஹவுஸ்' வழக்கின் சமரசத் தீர்ப்பு வந்தபிறகு இந்தக் கணக்கெல்லாம் கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது. அந்த ஏற்பாட்டில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு போய், அணியில் இத்தனை பேர்தான் என்ற வரம்பு வந்திருக்கிறது. பெண்கள் தடகளத்துக்கு 45 பேர். உச்சவரம்பு போனதால் பணம் கூடிவிடும் என்று நினைக்க வேண்டாம், நடுத்தரப் பல்கலைக்கழகங்களில் கொடுக்கப் பணம் இருந்தால்தானே. ஆனால் 45-க்குள் இடம் உறுதியா என்பது இப்போது கேட்டே ஆக வேண்டிய கேள்வி.

கன்சல்டன்ட் விஷயத்துக்கு வருகிறேன். ஆவணங்களைச் சரிபார்க்க, வீடியோ தயாரிக்க ஒரு நிலையான கட்டணம் வாங்கினால் தவறில்லை. கிடைக்கும் ஸ்காலர்ஷிப்பில் பங்கு என்றால் என்சிஏஏ விதிப்படி அவர் ஏஜென்ட் ஆகிவிடுவார், மகளின் ஆட்டத் தகுதியே கேள்விக்குள்ளாகும். அவருக்கு ஒன்றும் ஆகாது, இழப்பு அவளுக்குத்தான். அவர் செய்யப்போகும் வேலையை நீங்களே செய்யலாம். என்சிஏஏ தகுதி மையத்தில் பதிவு செய்யுங்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் பட்டியல்களை எடுத்துவையுங்கள். ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் போன்ற 16 அடிப்படைப் பாடங்களும் அவற்றில் 4-க்கு 2.3 சராசரியும் கேட்பார்கள், 94 வாங்கியவளுக்கு அது பொருட்டே இல்லை. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வை என்சிஏஏ 2023-இல் கைவிட்டுவிட்டது, ஆனால் பல்கலைக்கழகம் தன் பங்குக்குக் கேட்கலாம். பிளஸ் டூ முடித்ததும் 'ஒரு வருடம் பயிற்சி எடுத்துவிட்டுப் போகலாம்' என்று இழுத்தடிக்காதீர்கள். தாமதமாகச் சேர்பவர்களின் ஆட்ட வருடங்களில் கை வைக்கும் விதிகள் இருக்கின்றன.

விளம்பர வருமானம் பற்றி அவர் சொன்னது இன்னும் மோசம். 2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க என்சிஏஏ அனுமதிக்கிறது, உண்மைதான். ஆனால் உங்கள் மகள் போவது எஃப்-1 மாணவர் விசாவில். அதில் வளாகத்துக்கு வெளியே அனுமதியில்லாமல் வேலை செய்யக் கூடாது. அமெரிக்க மண்ணில் நின்று ஒரு ஷூ கடைக்கு இன்ஸ்டாகிராமில் பணம் வாங்கிப் பதிவு போட்டாலும் அதை வேலையாக எடுத்துக்கொண்டு விசாவில் கை வைக்க முடியும். என்சிஏஏ அனுமதித்தது குடியேற்றத் துறையைக் கட்டுப்படுத்தாது. வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம், ஆனால் பயிற்சி போக அவளுக்கு அந்த நேரம் எங்கே இருக்கப்போகிறது? மீதிப் பணம் உங்கள் கையிலிருந்துதான் என்று வைத்துத் திட்டமிடுங்கள். விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்துக்கு முதல் வருடச் செலவுக்கான பணத்தை எப்படியும் காட்ட வேண்டும்.

படிப்பு. இதில்தான் எனக்குக் கவலை. சீசனில் பயிற்சி வாரத்துக்கு 20 மணி நேரம், நாளைக்கு நாலு மணி நேரம் என்பது விதி. பஸ் பயணமும் பிசியோ அறையில் உட்கார்ந்திருப்பதும் அந்த 20-இல் சேராது. கான்ஃபரன்ஸ் சாம்பியன்ஷிப் மே மாதத்தில் வரும், அதை ஒட்டித்தான் பல இடங்களில் செமஸ்டர் தேர்வு. இதற்குமேல், இரண்டாம் வருட முடிவில் பட்டப்படிப்பின் 40 சதவீதம், மூன்றாம் வருடத்தில் 60, நாலாம் வருடத்தில் 80 முடித்திருந்தால்தான் களத்தில் இறங்க முடியும். பாதியில் துறை மாறினால் முன்பு படித்த பாடங்கள் புதிய பட்டத்துக்குக் கணக்கில் வராமல் போய், அந்த 40-இலேயே மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. இன்ஜினியரிங் லேப் வகுப்புகள் மதியத்தில் இருந்தால் பயிற்சியோடு மோதும். முடியாதது என்று சொல்லவில்லை. கோச்சிடம், 'இப்போது உங்கள் அணியில் இன்ஜினியரிங் படிப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் ஒருவரோடு என் மகள் பேசலாமா?' என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் அதுவே பதில்.

டெல்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பையன் தேஜஸ்வின் சங்கரை நினைத்துக்கொள்ளுங்கள். கான்சாஸ் மாநிலத்தின் சிறிய ஊரான மன்ஹாட்டனில், கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக உயரம் தாண்டி 2018-லும் 2022-லும் என்சிஏஏ சாம்பியன் ஆனார். அங்கே அக்கவுன்டிங்கும் படித்து முடித்தார். 2022-இல் பர்மிங்காம் காமன்வெல்த்தில் வெண்கலம். இரண்டையும் சேர்த்து இழுக்க முடியும் என்பதற்கு அவர் சாட்சி.

ஒப்பந்தம் எத்தனை வருடத்துக்கு என்பதையும் பாருங்கள். ஒரு வருடம்தான் பலருக்கும் வரும், 2012-இலிருந்து பல வருட ஒப்பந்தமும் தரலாம். கேட்டுப் பாருங்கள். ஸ்காலர்ஷிப் தருவது பல்கலைக்கழகம், கோச் அல்ல. அவர் வேறு வேலைக்குப் போனாலும் கையெழுத்தான காலம் வரை அது நிற்கும். முழங்கால் போனாலும் அந்தக் காலத்துக்குள் பறிக்க முடியாது. 2024 ஆகஸ்ட் முதல், விளையாட்டில் பட்ட காயத்துக்குப் பல்கலைக்கழகத்தை விட்டு வந்தபின் குறைந்தது இரண்டு வருடம் மருத்துவச் செலவை டிவிஷன் 1 பல்கலைக்கழகங்கள் ஏற்க வேண்டும்.

பல்கலைக்கழகமே பிரிவு மாறினால்? அதுவும் நடந்திருக்கிறது. ஹார்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2021 மார்ச்சில் முதல்முறையாக என்சிஏஏ ஆண்கள் கூடைப்பந்துப் போட்டிக்குள் நுழைந்தது, அதே வருடம் மே மாதம் டிவிஷன் 3-க்கு இறங்க முடிவெடுத்தது. பென்சில்வேனியாவின் செயின்ட் ஃபிரான்சிஸ் பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் அதே போட்டியில் ஆடிவிட்டு, சில நாட்களிலேயே அதே முடிவை அறிவித்தது. டிவிஷன் 3-இல் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. எனவே அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டு கடைசி இரண்டு வருடச் செய்திகளைத் தேடிப் பாருங்கள். எந்த அணியையாவது மூடியிருக்கிறார்களா என்பது முக்கியம்.

கடைசியாக இரண்டு சின்ன விஷயங்கள், யாரும் முன்கூட்டிச் சொல்லாதவை. ஸ்காலர்ஷிப்பில் கல்விக் கட்டணத்துக்குப் போகும் பங்குக்கு வரி இல்லை. தங்குமிடம், சாப்பாட்டுக்குப் போகும் பங்கில் 14 சதவீதம் வரி பிடிப்பார்கள். இந்திய மாணவர்களுக்கு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவில் ஒரு நிலையான கழிவு உண்டு. அடுத்த வருடம் 1040-என்ஆர் என்ற வருமான வரிப் படிவம் தாக்கல் செய்தால், வேறு வருமானம் இல்லாதவர்களுக்குப் பிடித்தது பெரும்பாலும் திரும்பிவிடும். தாக்கல் செய்யாமல் விட்டுவிடுகிற பிள்ளைகள்தான் அதிகம். இன்னொன்று, நவம்பர் கடைசியில் நன்றி நவிலல் விடுமுறைக்கும், டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கும் பல இடங்களில் விடுதியையும் மெஸ்ஸையும் மூடிவிடுவார்கள். கூடப் படிப்பவர்கள் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்த நாட்களில் அவள் எங்கே தங்குவாள், எங்கே சாப்பிடுவாள் என்பதையும் கோச்சுக்கு எழுதும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.