பெட்ரோல் வாசத்துக்குப் பழகிய மூக்கு

வாசகர் கேள்வி – பதில்

இரண்டு இதழுக்கு முன்னால், பழைய மின்கார் ஒன்று வாங்கிவிட்டேன் என்று இந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதினேன். முப்பது வருடமாக கார்புரேட்டர் ஜெட்டையும் வால்வு இடைவெளியையும் பற்றி எழுதிய ஆள் இப்படிச் செய்யலாமா என்று திட்டி வந்த கடிதங்கள் பாதி. எதை வாங்கலாம் என்று கேட்டவை மீதி. திட்டியவர்களிடம் எனக்கும் உள்ளூர அனுதாபம்தான், அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். கேட்டவர்களுக்கு மட்டும் பதில்.

கேள்வி: சார், என்னிடம் இரண்டு பெட்ரோல் கார்கள். ஒன்றுக்கு இன்னும் சோக் இழுக்க வேண்டும். எங்கும் தென்படுகிற மின்கார் எனக்கு வேண்டாம். நாலு பேர் நின்று ‘இது என்ன வண்டி?’ என்று கேட்கிற மாதிரி பழையதாக ஒன்று வேண்டும். எங்கே ஆரம்பிக்கலாம்? — சோக் இழுப்பவன்

பதில்: அந்த வண்டியின் விசித்திரம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதிலிருந்து ஆரம்பியுங்கள். ஓட்டுவதில் இருந்தால் நல்லது. உதிரிபாகத்தில் இருந்தால் தொல்லை. பழைய பெட்ரோல் காரில் கிடைக்காத பாகத்தை லேத்தில் கடைந்து போட்டுக்கொள்ளலாம். பேட்டரிக் கட்டுப்பாட்டு போர்டைக் கடைய முடியாது.

உதாரணத்துக்கு பிஎம்டபிள்யூ ஐ3. 2013 முதல் 2022 வரை தயாரித்தார்கள். அடியில் அலுமினியச் சட்டம், மேலே கார்பன் ஃபைபர் கூடு, பின் சக்கரங்களை ஓட்டும் மோட்டார், 170 குதிரைசக்தி. முதல் மாடலின் எடை 1,200 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. மின்காருக்கு இது சருகு மாதிரி. முன்கதவைத் திறந்தால்தான் பின்கதவு திறக்கும், அதுவும் எதிர்ப்பக்கமாக. கதவைத் திறந்ததும் அடி விளிம்பில் கார்பன் நார் பின்னல் பெயின்ட் இல்லாமல் அப்படியே தெரியும். ஒரு முறை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பேரம் பேச வந்தால் உங்கள் குரல் தானாக இறங்கிவிடும். அதனால் கதவைக் கடைசியில் திறங்கள்.

இனி அதன் தொல்லைகள். 19 அங்குலச் சக்கரம், டயர் அகலம் வெறும் 155 மில்லிமீட்டர். மிதிவண்டி டயரைப் பெரிதாக்கியது போல இருக்கும். இந்த அளவில் டயர் செய்பவர்கள் மிகக் குறைவு. வாங்குவதற்கு முன்பே உங்கள் டயர்க்காரரிடம் கேட்டுவிடுங்கள். அடுத்தது ஏசி. ஏசி வாயுதான் பேட்டரியையும் குளிர்விக்கிறது. கம்ப்ரஸர் உள்ளுக்குள் தேய்ந்து உடைந்தால் உலோகத் தூள் குழாய் வழியாகப் பரவி, செலவு கம்ப்ரஸரோடு நிற்காது. ஏசியைப் போட்டுவிட்டு, காதைத் தீட்டிக் கேளுங்கள். அரைக்கிற சத்தம் வந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்று, என் மனசுக்கு நெருக்கமானது: மிட்சுபிஷி ஐ-மீவ். 2009-ல் வந்தது. அதே கூட்டில் பெட்ரோல் காரும் உண்டு, 660 சிசி டர்போ, எஞ்சின் பின்பக்கத்தில். அந்த எஞ்சினை எடுத்துவிட்டு மோட்டாரை வைத்தார்கள். இதையே சியட்ரோன், பியூஜோ பெயர்களிலும் விற்றார்கள். பேட்டரி 16 கிலோவாட்-மணி, அதாவது 16 யூனிட் மின்சாரம்தான் பிடிக்கும். கடைக்கும் பள்ளிக்கும் போய் வரலாம், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. முட்டைக்குச் சக்கரம் வைத்தது போன்ற உருவம். நாலு பேர் கேட்பது நிச்சயம்.

கேள்வி: கியர் இல்லை, சத்தம் இல்லை. இதை ஓட்டினால் தூக்கம் வராதா? — நாலாயிரம் ஆர்பிஎம்

பதில்: சத்தம் இல்லாத குறை குறைதான். ஆறு மாதம் ஆகியும் எனக்குப் பழகவில்லை. ஸ்பீக்கரில் பொய்யாக ஒரு உறுமல் போடும் கார்களைக் கண்டால் இன்னும் எரிச்சல்.

ஆனால் காலுக்கு வேலை இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பிடிக்கிறது. இரண்டாவது கியரில் இறக்கத்தில் இறங்கும்போது எஞ்சின் பிடிக்குமே, அந்த மாதிரி. ஒரு திருப்பத்துக்குள் பிரேக்கையே தொடாமல், சரியான இடத்தில் காலைத் தளர்த்தி நுழைவது ஒரு தனிக் கலை. கிளட்ச் பழகியவர்களுக்கு இது சீக்கிரம் கைவருகிறது, அதாவது கால்வருகிறது.

முறுக்கு விசை பற்றிக் கேட்கிற இளைஞர்களுக்கு ஒரு வேடிக்கை. செவ்ரோலே ஸ்பார்க் மின்கார் என்று ஒரு பொடி வண்டி 2013-ல் வந்தது. ஆரம்ப மாடலின் மோட்டார் 542 நியூட்டன் மீட்டர். ஃபெராரி 458 இட்டாலியாவுக்கு 540. கேட்டதும் மயங்கிவிட வேண்டாம். ஸ்பார்க்கின் பல்சக்கர விகிதம் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று, ஃபெராரியின் முதல் கியர் அதைவிடப் பல மடங்கு பெருக்கிச் சக்கரத்துக்கு அனுப்பும். ஆனாலும் அந்தச் சுண்டெலி சுமார் எட்டு நொடியில் நூறைத் தொட்டுவிடும். சிக்னலில் பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இது போன்ற வண்டிகள் பிறந்த கதையும் தெரிந்திருக்கட்டும். கலிபோர்னியாவில் புகையில்லாக் கார்களும் விற்றாக வேண்டும் என்று பெரிய கம்பெனிகளுக்குச் சட்டம். அதற்காக வேண்டாவெறுப்பாகச் சில நூறு, சில ஆயிரம் என்று செய்தார்கள். ஃபியட் 500இ அப்படி வந்ததுதான். ஒவ்வொன்றை விற்கும்போதும் எங்களுக்கு 14,000 டாலர் நஷ்டம், தயவுசெய்து வாங்காதீர்கள் என்று 2014-ல் அந்தக் கம்பெனியின் தலைவர் செர்ஜியோ மார்க்கியோனியே மேடையில் சொன்னார். நஷ்டத்துக்கு விற்ற வண்டியைப் பழையதாக வாங்குவது நமக்கு லாபம்தான். ஆனால் வேண்டாவெறுப்பாகப் பெற்ற பிள்ளைக்கு உதிரிபாகம் எத்தனை வருடம் வரும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய எஞ்சின் என்றால் புகையைப் பார்ப்பேன், ஆயில் மூடியைத் திறந்து பார்ப்பேன். பேட்டரியை எப்படிப் பார்ப்பது? விற்பவர் ‘முழு சார்ஜில் 120 கிலோமீட்டர் காட்டும்’ என்கிறார். — ஆயில் மூடி

பதில்: காட்டும். நான் அதில் ஏமாந்தவன்.

முதன்முதலில் பார்க்கப் போன வண்டியில் டாஷ்போர்டு 118 காட்டியது. என் வீடு அங்கிருந்து 70 கிலோமீட்டர். பணத்தைக் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். பாதி வழியில் மழை. கண்ணாடியில் ஆவி படிந்தது, ஹீட்டரைப் போட்டேன். பெட்ரோல் காரில் ஹீட்டர் ஓசி, எஞ்சின் வீணாக்கும் சூடுதானே. இங்கே அது பேட்டரியிலிருந்து வர வேண்டும். 41 என்று இருந்தது 29 ஆனது, ஒரு மேம்பாலம் ஏறியதும் 17. கடைசி ஆறு கிலோமீட்டருக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒரு கையால் துணி வைத்துத் துடைத்துக்கொண்டே, லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் ஆமைப் படம் ஒன்று டாஷ்போர்டில் எரிந்தது. மனைவி குடையோடு வந்து, ‘தள்ளணுமா?’ என்றாள்.

அந்த எண், கடைசியாக ஓட்டியவர் எப்படி ஓட்டினார் என்பதை வைத்துப் போடும் ஊகம். விற்பவர் ஒரு வாரம் மெதுவாக உருட்டியிருந்தால் எண் ஏறிவிடும். நீங்கள் கேட்க வேண்டியது, புதிதாக இருந்தபோது பேட்டரி பிடித்த மின்சாரத்தில் இப்போது எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்பதை. காரின் கோளாறு கண்டறியும் சாக்கெட்டில் செருகும் சின்ன ப்ளூடூத் கருவியும், அந்த மாடலுக்கான மொபைல் ஆப்பும் இருந்தால் நீங்களே படித்துவிடலாம். நிஸான் லீஃபுக்கு ‘லீஃப் ஸ்பை’ என்ற ஆப் பிரபலம்.

பழைய லீஃபில், பேட்டரி இன்னும் எவ்வளவு பிடிக்கும் என்று காட்ட டாஷ்போர்டிலேயே 12 கோடுகள் இருக்கும். முதல் கோடு மறையும்போதே ஏறக்குறைய 15 சதவீதம் போயிருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. கட்டுப்பாட்டு மென்பொருளை அழித்துத் தொடங்கி, போன கோடுகளைச் சில வாரத்துக்கு மீண்டும் காட்டவைக்கும் ஆசாமிகளும் உண்டு. மீட்டரைத் திருப்பும் பழைய வித்தைக்குப் புது வடிவம். அதனால் கோட்டை மட்டும் நம்பாமல், பேட்டரிக்குள் வரிசையாக இருக்கும் சின்னச் செல்களின் வோல்ட்டை ஆப்பில் பாருங்கள். நிறைய பேர் முழு சார்ஜில் சோதிக்கிறார்கள். அப்போது எல்லாச் செல்லும் நல்ல பிள்ளை. இருபது, முப்பது சதவீதத்துக்கு இறங்கியபின் ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கொண்டே, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து ஆப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் சேர்ந்து இறங்கினால் கிழடு, ஆனால் ஆரோக்கியமான கிழடு. ஒன்று மட்டும் தனியாகத் தாழ்ந்தால் அதுதான் வியாதி.

அப்புறம், வெப்பத்தில் பேட்டரி சீக்கிரம் முதுமையடையும். பழைய லீஃபில் பேட்டரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு இல்லை. அதனால் ஓடிய தூரத்தைவிட, வண்டி வெயிலில் எத்தனை வருடம் நின்றது என்பதைக் கேளுங்கள்.

கேள்வி: ஐ3-ல் பெட்ரோல் எஞ்சினும் சேர்ந்து வரும் மாடல் இருக்கிறதாமே? நமக்கு அதுதானே பொருத்தம்? — இரண்டும் கெட்டான்

பதில்: புனைபெயரைப் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறீர்கள். 647 சிசி, இரண்டு சிலிண்டர், பிஎம்டபிள்யூவின் பெரிய ஸ்கூட்டரில் இருந்த எஞ்சின். சக்கரத்தோடு அதற்குச் சம்பந்தமே இல்லை, மின்சாரம் மட்டும் செய்யும். டாங்க் ஒன்பது லிட்டர். எஞ்சின் என்றதும் உங்களுக்கு நாவூறுகிறது, தெரிகிறது. பின்னால் யாரோ புல்வெட்டி ஓட்டுகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். எடை நூறு கிலோவுக்கு மேல் கூடும், ஆயில், ஃபில்டர், பிளக் எல்லாம் திரும்பி வரும். நீண்ட பயணம் அடிக்கடி உண்டென்றால் வாங்குங்கள். பெட்ரோல் பாசத்துக்காக வேண்டாம்.

கேள்வி: சார்ஜர் எல்லாம் ஒன்றுதானே? — பிளக் பாயின்ட்

பதில்: இல்லவே இல்லை. மெதுவாக ஏற்றுவது ஒரு வகை, வேக சார்ஜ் வேறு வகை. பழைய ஜப்பானிய மின்கார்களில் வேக சார்ஜுக்கு சாடெமோ என்ற முறை. ‘ஒரு டீ சாப்பிடலாமா’ என்ற ஜப்பானியப் பேச்சை நினைவூட்டும் சிலேடை அந்தப் பெயர். ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலும் சிசிஎஸ் போன்ற வேறு முறைகள்தான் இப்போது வளர்கின்றன. நீங்கள் போகும் வழியில் சாடெமோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ரெனோ ஸோயியின் ஆரம்ப மாடல்களில் நேர்மின்சார (டிசி) வேக சார்ஜே கிடையாது. அதைவிட முக்கியம்: அந்தக் காரைப் பேட்டரி இல்லாமல் விற்று, பேட்டரியை மாத வாடகைக்கு விட்டார்கள். ஐரோப்பாவில் ஸோயி மலிவாகத் தெரிந்தால், பேட்டரி யாருடையது என்ற காகிதத்தை முதலில் கேளுங்கள். வீட்டை வாங்கியபின் கூரை வாடகைக்கு என்று தெரிந்தால் எப்படியிருக்கும்?

சாக்கெட்டின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஊசிகள் பளிச்சென்று இருக்க வேண்டும். பழுப்பேறி, சுற்றிலும் பிளாஸ்டிக் இளகியிருந்தால் அங்கே சூடு ஏறியிருக்கிறது.

கேள்வி: டெஸ்லா ரோட்ஸ்டர் முதல் மாடல் வாங்கினால்? — கனவு காண்பவன்

பதில்: 2008 முதல் 2012 வரை, சுமார் 2,450 வண்டிகள், லோட்டஸ் எலிஸ் வழிவந்த சட்டம், 6,831 சின்ன பேட்டரிகள். வசதி இருந்தால் வாங்கி, சார்ஜரில் மாட்டியே வையுங்கள். காலியாக மாதக்கணக்கில் நிறுத்தினால் மொத்தப் பேட்டரியும் செத்துவிடும். என்னையும் ஒரு சுற்று அழைத்துப்போங்கள்.

கேள்வி: என் வண்டியை நானேதான் ரிப்பேர் செய்வேன். மின்காரில் முடியுமா? — பத்தாம் நம்பர் ஸ்பேனர்

பதில்: ஆரஞ்சு நிறக் கேபிளைக் கண்டால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். நானூறு வோல்ட் நேர்மின்சாரத்துக்கு அனுபவசாலி, புதுமுகம் என்ற பாகுபாடு கிடையாது. மீதியெல்லாம் உங்களுடையது. எஞ்சின் இரைச்சல் இல்லாததால் தேய்ந்த புஷ், தளர்ந்த பால் ஜாயின்ட் எல்லாம் பேசுவது தெளிவாகக் கேட்கும். உங்கள் பழைய காது இங்கே வீண்போகாது. பிரேக்கை அதிகம் தொடாததால் டிஸ்க் தேய்வதைவிடத் துருப்பிடிப்பதுதான் அதிகம், கழற்றித் துடைத்துக் கிரீஸ் போட வேண்டும். மின்காரிலும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்று தனியாக உண்டு. அது செத்தால், கீழே பெரிய பேட்டரி நிறைய மின்சாரம் இருந்தும் வண்டி கண் திறக்காது. ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று தள்ளிவிடப் பார்க்கும் மின்கார்களில் சிலவற்றுக்கு இதுதான் நோய். பேரத்தில் இதை உடனே சொல்லிவிடாதீர்கள்.

முழுக்க நானே பார்த்துக்கொள்வேன் என்றால் பெங்களூரின் ரேவா. 2001-ல் வந்து, லண்டனில் ஜி-விஸ் என்ற பெயரில் சுற்றிய வண்டி. ஆரம்ப மாடலில் எட்டு 6 வோல்ட் ஈய அமில பேட்டரிகள், மொத்தம் 48 வோல்ட். ஸ்பேனர் போதும். ஆனால் சட்டப்படி அங்கே அது காரே இல்லை, ‘குவாட்ரிசைக்கிள்’ என்ற இலகுவான நாற்சக்கர வண்டி வகை. கார்களுக்கான மோதல் சோதனை விதிகள் அதற்குப் பொருந்தவில்லை. வேகமான சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: மின்கார் வந்தால் பெட்ரோல் காரை விற்றுவிட வேண்டுமா? வீட்டில் அப்படித்தான் சொல்கிறார்கள். — சிக்கியவன்

பதில்: என் வீட்டிலும் சொன்னார்கள். விற்கவில்லை. ஆனால் கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, மழைக்கு என்று எல்லாவற்றுக்கும் மின்காரே கிளம்பிவிடுவதால் கிழவன் ஐந்து வாரம் ஷெட்டிலேயே நின்றுவிட்டான். போன ஞாயிற்றுக்கிழமை சாவி போட்டால் ‘டிக்’ என்று ஒரே சத்தம். மின்காரிலிருந்து வயர் போட்டு ஸ்டார்ட் செய்யலாமா என்று அதன் கையேட்டைப் புரட்டினேன், வேறு வண்டிக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறான். பக்கத்து வீட்டுப் பையன் பைக்கில் போய்ச் சார்ஜ் செய்த பேட்டரி கொண்டுவந்தான். கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் பழைய பெட்ரோல் வெல்லப்பாகு போலக் காய்ந்து கிடந்தது. கழுவி மாட்டி, சோக்கை முழுக்க இழுத்து, ஐந்தாவது தடவையில் பிடித்தது. ஷெட் முழுக்கப் புகை. மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு மின்காரின் பிளக்கைப் பிடுங்கி, அதை வெளியே எடுத்து நிறுத்தினாள்.