புருவ முடியால் வருடினால் பின்வாங்கும் புழு: நரம்பு செல்லின் மரபணுக்கள் பற்றிய கேள்வி பதில்

பிளஸ் டூ மாணவி: எல்லா செல்லிலும் ஒரே டி.என்.ஏ.தான். பிறகு நரம்பு செல் மட்டும் எப்படி வேறாகிறது, மேடம்?

எந்த செல் எந்த மரபணுவைப் படியெடுத்துப் பயன்படுத்துகிறது என்பதில்தான் வித்தியாசம். அதை முடிவு செய்பவை படியெடுத்தல் காரணிகள். டி.என்.ஏ.வில் தமக்குரிய எழுத்துத் தொடரைக் கண்டு அமர்ந்து, ஒரு மரபணுவை இயக்கும் அல்லது அடக்கும் புரதங்கள் இவை. மனிதரிடம் ஏறக்குறைய 1,600 உண்டு. மனித மூளையை வைத்து விளக்கப் போனால் நீயும் குழம்புவாய், நானும் குழம்புவேன். சி. எலிகன்ஸ் என்ற உருளைப்புழுவைப் பார்ப்போம். ஒரு மில்லிமீட்டர் நீளம், 302 நரம்பு செல்கள். அவற்றில் 6 மென்மையான தொடுதலுக்கானவை. பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒரு புருவ முடியை ஒட்டி, புழுவின் தலைப்பக்கம் லேசாக வருடுவோம். நலமான புழு சட்டெனப் பின்வாங்கும். மெக்-3 என்ற காரணி பழுதான புழுவோ ஒன்றுமே நடக்காததுபோல் ஊர்ந்துகொண்டிருக்கும். அந்த 6 செல்களும் பிறந்திருக்கும். தொடுதலை உணரும் கருவிகள்தான் உள்ளே உருவாகியிருக்காது.

பயோடெக் மாணவர்: அப்படியானால் மெக்-3 மட்டும் போதுமா?

போதாது. அன்க்-86 என்ற காரணியுடன் ஜோடி சேர்ந்தால்தான் அது டி.என்.ஏ.வை உறுதியாகப் பிடிக்கும். இதிலும் ஒரு வேடிக்கை: எஃப்.எல்.பி. என்னும் நரம்பு செல்லில் இந்த ஜோடி இருந்தும் அது தொடுசெல் ஆவதில்லை. ஈ.ஜி.எல்.-44, ஈ.ஜி.எல்.-46 என்ற வேறிரண்டு அங்கே தடை போடுகின்றன. தடையை நீக்கினால் எஃப்.எல்.பி.யும் தொடுசெல்லின் மரபணுக்களை இயக்கத் தொடங்கிவிடுகிறது. ஒரு காரணி வந்தால் ஒரு மரபணு எரியும் என்பதுபோல் பாடநூல்களில் வரும் மின்விளக்கு ஸ்விட்ச் உவமை எனக்குப் பிடிக்காமல் போனது இதனால்தான்.

அதே மாணவர்: செல் முதிர்ந்த பிறகு இவற்றுக்கு ஓய்வா?

இல்லை. மெக்-3 தன் மரபணுவையே இயக்கித் தன்னைத் தக்கவைத்துக்கொள்கிறது.

உயிரியல் ஆசிரியர்: நினைவுக்கும் இவற்றுக்கும் தொடர்பு உண்டா, அம்மா?

உண்டு, ஐயா. நரம்பு செல் தூண்டப்பட்டால் கால்சியம் உள்ளே பாய்கிறது. செய்தி உட்கருவை எட்டியதும், அங்கே காத்திருக்கும் கிரெப் என்ற காரணியின் 133ஆம் அமினோ அமிலத்தில் ஒரு பாஸ்பேட் ஏறுகிறது. சில நிமிடங்களில் சி-ஃபாஸ் மரபணு இயங்கும். அதன் புரதமும் ஒரு காரணி என்பதால் அடுத்த மரபணுக்களின் அலை எழும். 1990இல் நரம்பியல் விஞ்ஞானி எரிக் கேண்டலின் குழு, அப்ளீசியா என்ற கடல் நத்தையின் நரம்பு செல்லுக்குள் கிரெப் அமரும் தொடரைக் கொண்ட டி.என்.ஏ. துண்டுகளைச் செலுத்தியது. கிரெப் அந்தப் பொய்த் துண்டுகளில் போய் ஒட்டிக்கொண்டது. நினைவுக்கு அடிப்படை நரம்பு செல்களுக்கு இடையிலான இணைப்பு வலுப்படுவது; அதில் சற்று நேரமே நிற்கும் மாற்றம் வழக்கம்போல் வந்தது. மறுநாளும் நீடிக்க வேண்டிய மாற்றம் வரவில்லை.

ஒரு தந்தை: மகனுக்குப் பொதுத்தேர்வு. கிரெப்பைக் கூட்டும் மாத்திரை என்று விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். கிரெப் மூளைக்கு மட்டும் உரியதல்ல. உங்கள் மகனின் கல்லீரலிலும் கிரெப் இருக்கிறது; பட்டினி வேளையில் குளுக்கோஸ் தயாரிக்கும் மரபணுக்களை இயக்குவதும் அதுதான்.