சனி, ஞாயிறு இரண்டே நாளில் பிராக்: எதை எந்த நாளில் பார்ப்பது?

கேள்வி: நாங்கள் முனிச்சில் இருக்கிறோம். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். 62 வயது, முட்டி வலி உண்டு, சுத்த சைவம். மகனுக்கு எட்டு வயது. வெள்ளி இரவு பிராக் போய்ச் சேர்ந்து, ஞாயிறு சாயங்காலம் ஃப்ளோரென்ஸ் பஸ் நிலையத்திலிருந்து திரும்புகிறோம். சனிக்கிழமை பழைய நகரமும் யூதர் பகுதியும், ஞாயிறு காலை கோட்டை, நேரம் இருந்தால் குட்னா ஹோரா எலும்புத் தேவாலயம் என்று திட்டம். சரியாக வருமா?

பதில்: வராது. இரண்டு நாளையும் அப்படியே மாற்றிப் போடுங்கள். யூதர் பகுதியான யோசெஃபோவில் இருக்கும் யூத அருங்காட்சியகம் சனிக்கிழமை திறக்காது, அது அவர்களுக்கு ஓய்வுநாள். பழைய கல்லறை, பின்காஸ் ஜெபாலயம் எல்லாம் அந்த அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவைதான், கேட்டோடு திரும்ப வேண்டியிருக்கும். கோட்டைக்குள் இருக்கும் புனித வீடஸ் பேராலயத்திலோ ஞாயிறு காலை பூசை நடக்கும், நண்பகலுக்குப் பிறகுதான் சுற்றிப் பார்க்க விடுவார்கள். வார இறுதியில் பிராக் போகிறவர்களில் நிறையப் பேர் ஏமாந்து போவது இந்த இரண்டு இடத்தில்தான். குட்னா ஹோராவை விட்டுவிடுங்கள். ரயிலில் ஒரு மணி நேரத் தூரம்தான், ஆனால் போய்வந்தால் அரை நாள் போய்விடும்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கோட்டைக் கட்டடங்களைத் திறப்பார்கள், அப்போதே அங்கே இருங்கள். எல்லோரும் ஆற்றின் மேலுள்ள சார்லஸ் பாலத்தைத் தாண்டி நெருடோவா தெரு வழியாக மூச்சு வாங்க ஏறுவார்கள், முட்டி வலிக்காரருக்கு அது வேண்டாம். 22ஆம் எண் டிராம் ஏறி, கோட்டையின் பெயரிலேயே இருக்கும் ‘ப்ராஸ்கி ஹ்ராட்’ நிறுத்தத்தில் இறங்கினால், ஒரு சிறு பாலத்தைக் கடந்து ஏறக்குறைய சமதரையில் கோட்டையின் இரண்டாம் முற்றத்துக்குப் போய்விடலாம். திரும்பும்போதும் அதே நிறுத்தத்துக்கே வாருங்கள். கிழக்கு வாசலில் இறங்கும் பழைய கோட்டைப் படிக்கட்டு படம் எடுக்க அழகாக இருக்கும், ஆனால் முட்டி வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் பாடு.

முற்றங்களைச் சுற்ற டிக்கெட் வேண்டாம், கட்டடங்களுக்குள் போகத்தான் வேண்டும். எடுப்பது நல்லது. 1344இல் தொடங்கிய பேராலயத்தைக் கட்டி முடித்தது 1929இல். கிட்டத்தட்ட அறுநூறு வருஷம்! உள்ளே நுழைந்ததும் எல்லோரும் மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டே போவார்கள், நீங்கள் இடப்பக்கம் மூன்றாவது சிற்றாலயத்தில் நில்லுங்கள். ஓவியர் அல்ஃபோன்ஸ் முகா 1931இல் செய்த ஜன்னல் அங்கே இருக்கிறது. வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டிச் சேர்த்ததாக இல்லாமல், பெரும்பாலும் கண்ணாடி மேலேயே தீட்டியது. ஓரங்களில் நீலமும் பச்சையுமாகத் தொடங்கி நடுவே வரவரப் பொன்னும் சிவப்புமாக மாறும். அந்த நடுவில் இருப்பது ஒரு பாட்டியும் பேரனும்: செக் நாட்டின் காவல் புனிதரான வாட்ஸ்லாவ் சிறுவனாக, பக்கத்தில் அவனை வளர்த்த பாட்டி லுட்மிலா. உங்கள் அம்மாவும் மகனும் சேர்ந்து நின்று பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் அந்த ஊரில் எனக்குத் தெரியவில்லை, அவசரப்படுத்தாதீர்கள்.

பழைய அரண்மனையில் விளாடிஸ்லாவ் மண்டபத்தின் கூரையைப் பாருங்கள், விலா எலும்பு போன்ற கல் வளைவுகள் கொடிபோல வளைந்து ஓடும். மழைக்காலத்தில் வீரர்கள் உள்ளேயே குதிரைப் போட்டி நடத்துவார்களாம், குதிரை ஏறி வருவதற்கென்றே அகலமான படிக்கட்டு வைத்திருக்கிறார்கள், பையனுக்குப் பிடிக்கும். பக்கத்து அறை ஜன்னல் வழியாகத்தான் 1618இல் பேரரசரின் ஆளுநர்கள் இருவரையும் ஒரு செயலாளரையும் தூக்கிப் போட்டார்கள். மூன்று பேரும் பிழைத்துவிட்டார்கள், ஆனால் முப்பதாண்டுப் போர் அங்கேதான் மூண்டது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு, பொரித்த பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கு எங்கும் கிடைக்கும். உருளைக்கிழங்கு சூப் சைவம் மாதிரித் தெரிந்தாலும் இறைச்சிச் சாற்றில் செய்திருக்கலாம், ‘பெஸ் மசா’ என்று கேட்டுக்கொள்ளுங்கள், இறைச்சி இல்லாமல் என்று அர்த்தம். பழம் வைத்து வேகவைத்த க்னெட்லிகி நம் பூரணக் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி, அம்மாவுக்கும் பிடிக்கும். தெருவுக்குத் தெரு பிராக்கின் பாரம்பரியம் என்று விற்கும் உருளை இனிப்பு ட்ர்டெல்னிக், சமீப காலத்தில் சுற்றுலாவோடு பரவியதுதான்.

சாயங்காலம் பழைய நகரச் சதுக்கம். 1410ஆம் ஆண்டுக் கடிகாரத்துக்கு முன்னால் மணி அடிக்கும் நேரத்தில் பெருங்கூட்டம் கூடும். எலும்புக்கூடு கயிற்றை இழுக்கும், அப்போஸ்தலர்கள் ஜன்னலில் வந்து போவார்கள், சேவல் கூவும், ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். பையனுக்காக ஒருமுறை பாருங்கள். உண்மையான அதிசயம் கூட்டம் கலைந்தபின் தெரியும் முகப்பில்தான் இருக்கிறது: ரோமன் எண்கள் நம் வழக்கமான மணியைக் காட்டும், அதைச் சுற்றியுள்ள வெளிவளையம் சூரிய அஸ்தமனத்திலிருந்து எண்ணும் பழைய செக் மணியைக் காட்டும். அஸ்தமனம் நாளுக்கு நாள் மாறுகிறதே, அதற்கேற்ப அந்த வளையமும் நகரும். மேலே கோபுரத்துக்கு லிஃப்ட் உண்டு.

ஞாயிறு ஏழு மணிக்கெல்லாம் சார்லஸ் பாலத்தில் இருங்கள். பத்து மணிக்குமேல் தோளோடு தோள் உரசிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும், சிலை ஒன்றையும் நின்று பார்க்க முடியாது. 1357இல் தொடங்கிய பாலம், முப்பது சிலைகள். பெரும்பாலானவை நகல்கள், மூலங்களை மழைக்கும் புகைக்கும் பயந்து எடுத்து வைத்துவிட்டார்கள். கோட்டையை நோக்கி நடந்தால் வலப்பக்கம் வரும் வெண்கலச் சிலை நெபோமுக் யோவான், 1393இல் அரசன் ஆணையால் ஆற்றில் வீசப்பட்டவர். கீழே உள்ள தகடுகள் கைபட்டுக் கைபட்டுப் பளபளவென்று இருக்கும்.

அங்கிருந்து பழைய நகரப் பக்கம் திரும்பினால் யோசெஃபோவ் நடக்கும் தூரம்தான். பின்காஸ் ஜெபாலயத்தின் சுவர் முழுக்கப் பெயர்கள், நாஜிகள் கொன்ற போஹிமிய, மொராவிய யூதர்கள் ஏறக்குறைய 78,000 பேருடையவை. 1968க்குப் பிறகு மூடிக்கிடந்த காலத்தில் அந்த எழுத்துகள் அழிந்துபோக, 1990களில் மறுபடியும் ஒவ்வொன்றாக எழுதினார்கள். மாடியில் டெரெசின் முகாமில் அடைபட்ட குழந்தைகள் வரைந்த படங்கள். எட்டு வயதுப் பையனை அங்கே கூட்டிப் போவதா என்பதை முதல் நாளே நீங்கள் பேசி முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் கூட்டிப் போகலாம், ஆனால் உள்ளே போகுமுன் என்ன நடந்தது என்று அவனுக்குச் சொல்லிவிட வேண்டும்.

பணம்: அங்கே யூரோ கிடையாது, கொருனா. பெரும்பாலும் கார்டே போதும். ஏடிஎம் ‘யூரோவில் மாற்றித் தரட்டுமா’ என்று கேட்டால் வேண்டாம் என்றே அழுத்துங்கள். நாணய மாற்றுக் கடையில் குறைந்த விலைக்கு மாற்றிவிட்டால் பதறாதீர்கள், ஆயிரம் யூரோ வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்யும் உரிமையை 2019இலிருந்து சட்டமே தருகிறது, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மெட்ரோவில் தடுப்புக் கதவே இருக்காது, அதனால் மஞ்சள் இயந்திரத்தில் டிக்கெட்டை முத்திரை குத்தாமல் போய்விடாதீர்கள். சாதாரண உடையில் பரிசோதகர்கள் வருவார்கள்.

மிச்ச ஞாயிறுக்கு விஷெஹ்ராட். மெட்ரோ சி பாதையில் அதே பெயருள்ள நிலையம், அங்கிருந்து பெரிய ஏற்றமில்லாத நடை. பழைய அரண்சுவர், கீழே வல்தாவா ஆறு, பையன் ஓடப் புல்வெளி, இசையமைப்பாளர்கள் த்வோர்ஷாக்கும் ஸ்மெதனாவும் உறங்கும் கல்லறைத் தோட்டம். பாலத்தில் நகலாகப் பார்த்த சிலைகளில் சிலவற்றின் மூலங்கள் இங்கே அரணுக்கு அடியிலுள்ள மண்டபத்தில்தான் இருக்கின்றன. கிளம்பும்போது அதே சி பாதையில் நான்காவது நிறுத்தம் ஃப்ளோரென்ஸ். வண்டி மாற வேண்டாம், அம்மாவுக்கும் சிரமம் இல்லை.